அத்தான் பேரம் பேசிய கணினி

எங்கள் வீட்டில் யாரும் முதல் கேள்விக்கே ‘சரி’ சொல்லி வளர்ந்தவர்கள் இல்லை. அதிலும் என் அத்தான், டாக்டர் மூன்று வேளை மாத்திரை எழுதினால், “ரெண்டு வேளையா முடிச்சுக்கலாமா?” என்று கேட்கிற ஆள்.

அன்று மதியம் அக்காவின் எம்பிராய்டரி கடையில் அவர் கணினி முன் உட்கார்ந்திருந்தார். பழைய கணினி, பழுதுபார்த்தவர் அதில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு நழுவிவிட்டார். கால்பந்துக் குழுவின் பயிற்சியாளர் தன் அணிச் சின்னத்தைப் பென் டிரைவில் தந்திருந்தார். மாலை வருவார். தைத்தால் சின்னம் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டினால் வேலை அக்காவுக்கு, இல்லையென்றால் எதிர்க்கடைக்கு. புது இயந்திரம் வாங்கியபின் அக்காவுக்கு வருகிற முதல் பெரிய வேலை இது. அந்தப் படத்தைத் திறக்கும் மென்பொருள்தான் கணினியில் இல்லை.

பக்கத்துப் பித்தான் கடை என்னுடையது. கட்டளை எழுதுகிற கறுப்பு ஜன்னலைத் திரையில் திறந்து ஒரு வரி தட்டினால் மென்பொருள் தானே வந்து இறங்கும் என்ற அளவுக்கு எனக்கு லினக்ஸ் தெரியும். சொல்லிக்கொடுத்தேன். அத்தான் தட்டினார். கடவுச்சொல் கேட்டது. தட்டத் தட்டத் திரையில் ஒன்றும் விழவில்லை.

“என்ன மாப்ளே, கீபோர்டு செத்துப்போச்சா?”

“இல்ல அத்தான். எத்தனை எழுத்துன்னு பக்கத்துல நிக்கிறவன் எண்ணிடக் கூடாதுன்னு காட்டாது.”

“அட! மாட்டுச் சந்தையில துணிக்கடியில விரலைப் பிடிச்சு விலை பேசுற மாதிரி. தொழில் தெரிஞ்சவன்தான் செஞ்சிருக்கான்.”

கேட்டது ஒரு மென்பொருள். கூடவே நாற்பது துணை மென்பொருள்களின் பெயர்கள் வந்து வரிசை கட்டின, அடியில் எல்லாம் சேர்ந்து பிடிக்கும் இடத்தின் அளவு. கடைசியில் ஒரு கேள்வி: தொடரலாமா? Y / n. Y என்றால் சரி, n என்றால் வேண்டாம்.

அத்தான் யோசிக்காமல் n அழுத்தினார். ‘கைவிடப்பட்டது’ என்றது திரை. அவர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார்.

“ஏன் அத்தான்?”

“பொறு. இறங்கி வந்து அதுவே கூப்பிடும்.”

கூப்பிடவில்லை. மறுபடி தட்டினார், அதே பட்டியல், அதே அளவு. மறுபடி n.

“இம்மியும் இறங்க மாட்டேங்குதே! காசும் கேக்கல, இறங்கியும் வரல. இப்படி ஒரு வியாபாரியை நான் பாத்ததே இல்ல.”

அவர் மூன்றாம் முறை தட்டி, அதே கேள்வி வந்து நின்றபோது அக்கா நூல்கண்டோடு வந்தாள். “ஆள் வர்ற நேரமாச்சு. இங்க என்ன சம்பந்தமா பேசிட்டிருக்கீங்க? தள்ளுங்க.” அவள் விரல் Y பக்கம் போனது.

அத்தான் தடுத்தார். “இரும்மா. எவ்வளவு இடம் பிடிக்கும்னு போட்டிருக்கு பாரு.”

நான் டிஸ்க்கில் மிச்சமிருந்த இடத்தைப் பார்த்தேன். அவ்வளவு இடம் இல்லை. அழுத்தியிருந்தால் பாதியில் மூச்சுமுட்டி நின்றிருக்கும்.

அக்கா நூல்கண்டை மேசையில் வைத்தாள். “அப்போ எதிர்க்கடைக்குத்தானா?”

“இந்தக் கூட்டத்துல யார் யார் அவசியம், யார் சும்மா வந்தவங்க?” என்றார் அத்தான். உதவிப் பக்கத்தைத் திறந்து, விலைச்சீட்டைப் புரட்டுவதுபோல ஒவ்வொரு வரியாகத் தடவினோம். சில பெயர்கள் வெறும் பரிந்துரையாம்; இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும். அவர்களை விட்டுவிட்டு வா என்று சொல்லவும் ஒரு சொல் இருந்தது. அதையும் சேர்த்துத் தட்டினார். பட்டியல் பாதியானது. இடம் போதும்.

“பாத்தியா! குறைன்னு சொன்னா காதுல விழாது. எது வேண்டாம்னு சொன்னாத்தான் குறைக்குது.”

Y-யை அக்காதான் அழுத்தினாள்.

பயிற்சியாளர் வந்தபோது சின்னம் தையல் தையலாகத் திரையில் நின்றது. குனிந்து பார்த்தவர் விலை கேட்டார். அக்கா சொன்னாள்.

“கொஞ்சம் பாத்துப் போடுங்க. எதிர்க்கடையில...”

அத்தான் வாயைத் திறந்தார். அக்கா அவர் காலை மிதித்தாள்.

“விலை அதுதான் சார். தங்க நூல் ஓரத்தை எடுத்துட்டா குறையும். எடுத்துடவா?”

அவள் மேசையிலிருந்த நூல்கண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் எதிர்க்கடையைப் பார்த்தார்; திரையில் மின்னிய ஓரத்தைப் பார்த்தார்.

“ஓரம் இருக்கட்டும். எப்போ தருவீங்க?”

அவர் படியிறங்கியதும் அத்தான் மறுபடி திரைக்குத் திரும்பிவிட்டார்.

“மாப்ளே, விட்டுட்டு வந்ததுல ஒண்ணு ஸ்பானிய அகராதியாம். படம் வரையிறவனுக்கு அது எதுக்கு? வா, ஏன் கூட வந்துச்சுன்னு கேட்டுப் பாப்போம்.”