பரவட்டும்

கடையில் எனக்கு மச்சக்காரன் என்று பட்டப்பெயர். முதலாளி யாரைப் பிடித்துத் திட்டினாலும் நான் மட்டும் எப்படியோ நழுவிவிடுவேன். முதுகில் நிஜமாகவே காசளவு மச்சம் ஒன்று இருந்தது. அதுதான் புற்றுநோயாக மாறியது. வெட்டி எடுத்தும் நுரையீரல் வரை போய்விட்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம்கூட. அவள் அழ ஆரம்பித்தால் தேற்றுகிற வேலையும் என் தலையில்தான் விழும்.

மருத்துவமனையில் ஒரு மருந்து ஏற்றினார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியை உசுப்பி, நோய்மேல் ஏவிவிடும் மருந்து. சில மாதங்களில் விரல்களிலும் வாயோரத்திலும் வெண்புள்ளிகள் வந்தன. பதறிப்போய் டாக்டரிடம் ஓடினேன். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"உசுப்பிவிட்ட சக்தி தோல் நிறத்தையும் சேர்த்துத் தாக்குதுங்க. பக்கவிளைவுதான். ஆனா இது வர்றவங்களுக்கு மருந்து நல்லா கேக்குறத பாத்திருக்கோம். உறுதியா சொல்ல முடியாது, ஸ்கேன் எடுத்துப் பாப்போம்."

அன்றிலிருந்து எழுந்ததும் கண்ணாடிதான். ஒரு புள்ளி கூடியிருந்தால் நாள் முழுக்கத் தெம்பு. இந்தக் கூத்தை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களுக்கு பிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் வளைத்துச் சரிசெய்வது என் வேலை. ஓர் அம்மா என் விரல் பக்கத்தில் போனதும் தலையை வெடுக்கென இழுத்துக்கொண்டார்.

"இது ஒட்டாதுங்க."

"தெரியும் தம்பி. இருந்தாலும்..."

மறுநாளே முதலாளி என்னைப் பின்னறைக்கு, லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்கு அனுப்பிவிட்டார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது இரண்டு நாளில் ஆறிவிட்டது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாததுதான் ஆறவில்லை.

நேற்று அக்கா போன் செய்தாள். அடுத்த மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். நான் தோளில் தூக்கித் திரிந்த பெண்.

"தப்பா எடுத்துக்காதடா. மாப்பிள்ளை வீட்ல ஒரு மாதிரி பாப்பாங்க. பரம்பரையா வர்றதுன்னு நெனச்சுட்டா? உனக்கு சரியானப்புறம் நிதானமா வாயேன். சீக்கிரம் மறையணும்னு தினமும் வேண்டிக்கிறேன்."



"அப்படி வேண்டிக்காதக்கா."

"ஏண்டா?"

"இன்னும் பரவணும்னு வேண்டிக்கோ."



"கோவத்துல கண்டதையும் பேசாத," என்று போனை வைத்துவிட்டாள்.