கால்சியம் இல்லாத தட்டு

அக்காவிடமிருந்து எடுத்த ஐந்து கருமுட்டைகளில் கருவானது ஒன்றுதான். இனிமேல் முட்டை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் அந்தக் கரு எட்டு செல்களாகியிருந்தது. அதில் ஒன்றை எடுத்துச் சோதிக்க வேண்டும். மூன்று வயதில் அக்காவின் மகனைக் கொண்டுபோன ரத்த நோய் இதிலும் இருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

மருத்துவமனையின் கரு ஆய்வகத்தில் அந்த வேலை என்னுடையது. சொந்தக்காரர் கருவை இன்னொருவர் பார்ப்பதுதான் வழக்கம். அக்கா ஒப்பவில்லை.

“வேற யார் கையும் வேணாம்டி. பல் விளக்கவே அரை மணி நேரம் எடுப்பியே, அந்த நிதானம் போதும்.”

செல்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது அவற்றின் மேலுள்ள ஒரு புரதம். கால்சியம் இருந்தால்தான் அதற்குப் பிடி. அதனால் கால்சியம் இல்லாத திரவம் உள்ள தட்டில் கருவைச் சில நிமிடம் வைப்போம். பிடி தளரும். ஒரு செல்லை எடுத்துவிட்டு, கருவைப் பழைய திரவத்துக்கு மாற்றுவோம். மறுநாள் செல்கள் இறுகி, எது எதுவென்று தெரியாத ஒரே உருண்டையாகிவிடும்.

எடுத்த செல் உடையாமல் சோதனைக் குழாய்க்குள் போக வேண்டுமே என்பதிலேயே இருந்தேன். போயிற்று. அந்த நிம்மதியில் கருவைக் கால்சியம் இல்லாத தட்டிலேயே திரும்ப இறக்கி, இன்குபேட்டரில் வைத்து மூடினேன்.

மறுநாள் நுண்ணோக்கியில் ஏழும் தனித்தனியாகக் கிடந்தன. மூன்று உடைந்திருந்தன. தட்டின் மூடியில் ‘கால்சியம் இல்லாதது’ என்று என் கையெழுத்து.

தலைமை நிபுணர் வெகுநேரம் பார்த்தார்.

“கருக்கள்ல பாதி இந்தக் கட்டத்துல தானாவே வளராம நின்னுடும்மா. இதுவும் நின்னிருக்கலாம்.”

“இருக்கலாம் சார்.”

“அவங்ககிட்ட நான் பேசறேன். நீ உள்ளயே இரு.”

நானே போனேன். காத்திருப்பு அறையில் அக்காவும் மாமாவும் இருந்தார்கள். என் கையால் தட்டு மாறிக் கரு அழிந்ததைச் சொன்னேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மட்டும் கேட்டாள்.

“அந்த எடுத்த ஒண்ணு… அதுல நோய் இருந்துச்சா?”

முடிவு காலையிலேயே வந்திருந்தது. இருந்தது என்று பொய் சொன்னால் அவளால் தாங்க முடியும். என்னாலும் முடியும்.

“இல்லக்கா. நல்லா இருந்துச்சு.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“வண்டிய எடுங்க,” என்றாள் மாமாவிடம்.