இரண்டு மூக்கு

பினாங்கிலிருந்து வந்த கடிதத்தை நசீமுன்னிசா இரண்டு முறை படித்துக் காட்டினாள். ரஃபத் ஜஹானுக்கு முதல் முறையே போதுமாயிருந்தது. படம் கிடைத்தது, அதில் இரண்டு மூக்கோடு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், நீ எங்கே போனாய் என்று அவள் புருஷன் லியாகத் அலி எழுதியிருந்தான். ஊரைவிட்டுப் போய் நாலு வருஷமான மனுஷனுக்கு நக்கல் மட்டும் குறையவில்லை.

ரஃபத்தின் புருஷன் முனீர் அகமது ஆம்பூரில் படம் பிடிப்பவன். அந்நிய ஆண் முன் வராத கோஷா வீட்டுப் பெண்களை அவன் எடுக்க முடியாது. எடுத்த படத்தைப் பார்க்கவும் கூடாது என்று நசீமுன்னிசாவின் மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் எடுப்பது, இருட்டறையில் கழுவுவது எல்லாம் ரஃபத் ஒருத்தியின் வேலை. படம் கலங்கிப்போனபோது எங்கே தப்பு என்று சொல்லவும் ஆளில்லை. இந்த முறையும் கெட்டால் வேலூரிலிருந்து படம் பிடிக்கிற ஒரு துரைசானியை வரவழைப்பார்களாம். அப்புறம் ரஃபத்துக்குப் பழையபடி புருஷனுக்குப் படம் கழுவும் மருந்து கலக்குகிற வேலைதான். அவளுக்கு அதில் இஷ்டமில்லை. படம் பிடிக்கும் பெட்டிக்குள் குனிந்து, ஒரு முகம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிவதைப் பார்த்துப் பழகிவிட்டாள்.

நசீமுன்னிசா வீட்டு முற்றத்தில் வெயில் இருந்தது. ஆனால் பக்கத்துத் தோல்ஷாப்பின் மாடியில் ஆட்கள் தோல் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நசீமுன்னிசா தாழ்வாரத்து நிழலைவிட்டு வரமாட்டாள். நிழலில் எடுப்பதென்றால் பெட்டியின் கண்ணைத் திறந்து, பிஸ்மில்லாவை முழுதாக ஒருமுறை சொல்லி மூட வேண்டும். முனீர் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. அந்த வீட்டில் மேஜை கிடையாது. பதனிட்ட ஆட்டுத்தோல் கட்டுகள்தான் இடுப்புயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. போன முறை அவற்றின்மேல் பெட்டியை வைத்ததால்தான் ஆடியது என்று நினைத்து, இன்று ஒரு பலகை கொண்டுவந்திருந்தாள். சுருளில் இரண்டே படம் மிச்சம்.

கட்டின்மேல் பலகையைப் போட்டு, அதில் பெட்டியை வைத்து, தோல்கட்டில் நெஞ்சைச் சாய்த்துக் குனிந்தாள். விசையைத் தள்ளினாள், ஓதினாள், மறுபடி தள்ளி மூடினாள். எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த நசீமுன்னிசா முகத்தை அசைக்காமல் அதுவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"நீ ஓதறப்போ பெட்டியும் சேந்து ஓதுது."

"இன்னா ஆபா சொல்றீங்க?"

"உன் மூச்சுக்கு அதுவும் ஏறி எறங்குது. கட்டுமேல படுத்துக்கினு இருக்கியே. என் மூக்கு ரெண்டாகாம இன்னா ஆகும்?"

ரஃபத் தோல்கட்டின் மேலிருந்து நெஞ்சை எடுத்தாள். கட்டு அசையாமல் கிடந்தது. பொதி மாட்டின் கனம் அதற்கு. இத்தனை நாள் பாவம் அதன்மேல் பழியைப் போட்டிருந்தாள்.

"வாயத் தொறக்காம எப்படி ஆபா ஓதறது?"

"மொதல்லயே சத்தமா ஓதிடு. அப்பால மனசுல சொல்லு. அல்லாவுக்குக் கேக்காதா?"

கடைசிப் படத்துக்குச் சத்தமாக ஓதிவிட்டு, பாதி மூச்சை வெளியே விட்டு, மீதியை அடக்கிக்கொண்டாள். ஒரு விரல் மட்டும் பெட்டியைத் தொட்டது. பக்கத்து மாடியில் யாரோ தோலை உதறினார்கள். மனதில் ஒருமுறை முழுதாகச் சொல்லி மூடியபோது நசீமுன்னிசாவும் புஸ்ஸென்று மூச்சு விட்டாள். அவளையும் யாரோ அடக்கச் சொன்னதுபோல. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்கால வெளிச்சம் போகுமுன்பே ரஃபத் தன் வீட்டு இருட்டறையில் சுருளைக் கழுவி முடித்து, வெளியே வந்து, ஈரத்தோடு ஜன்னல் பக்கம் பிடித்தாள். கதவுக்கு வெளியே முனீர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா ரஃபத், வந்துச்சா?"

சுருளில் வெளுப்பெல்லாம் கறுப்பாகத்தான் விழும். இன்று எடுத்த முதல் படத்தில் நசீமுன்னிசாவின் வைர மூக்குத்தி ஒரு சின்னக் கறுப்புக் கோடாக இழுபட்டிருந்தது. ரஃபத் அடுத்ததைப் பார்த்தாள். பேனா முனையால் வைத்ததுபோல ஒரே ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, விழாமல் நின்றது.