மாத்தயா வீட்டுக் காற்று

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து இருபதுக்கு, பனி முற்றாக விலகி ஓர் இலைகூட அசையாத வெயிலில், றொசல்லப் புகையிரத நிலையத்துக்கு மேலே உள்ள கல்லுப்பாலத் தோட்டத்தில், ஓய்வுபெற்ற விமானி விஜேகோனின் வீட்டின்மீது மட்டும் காற்று வானத்திலிருந்து செங்குத்தாக இறங்கியது. நான்கு ஆண்டுகளாக இறங்கிவரும் காற்றே ஆகையால் எவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஹெலிகொப்டர் தரையிறங்கும்போது அதன் அடியில் அமுக்கிக்கொண்டு வீசும் காற்று அது, ஹெலிகொப்டர்தான் இராது. வீட்டையும் முற்றத்தையும் வளைத்து வட்டமாக விழும். வட்டத்துக்கு வெளியே ஓரடி தள்ளி நிற்பவரின் தலைமயிர் கலையாது. கூரைத் தகரங்களைத் தொழிற்சாலைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் மேல் லயத்து வரிசைவீடுகளின் பெண்கள் ஈரத்துணியைக் கொண்டுவந்து அங்கே காயப்போட்டார்கள். தண்ணீர்க் குழாயைப்போல அதுவும் ஒரு வசதி. தண்ணீர்க் குழாயைப்போலவே எப்போது வரும் என்று சொல்ல முடியாத வசதி. அன்றைய விசேஷம் வேறு. அன்று அந்த வட்டத்துக்குள் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள்; வட்டத்தின் விளிம்பில், உள்ளே நுழைய மாட்டாமல், குளவிகள் நின்றன.

குளவி கிளம்பினால் செய்ய வேண்டியது இன்னதென்று தோட்டத்தில் ஒரு விதி இருந்தது. எல்லோரும் தெருவுக்கு ஓடிவிட வேண்டும். ஓட முடியாதவர் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும். புகைப்பந்தத்துடன் ஆட்கள் வரும்வரை எவரும் மலைக்குத் திரும்பக் கூடாது. முந்திய ஆண்டு, விழுந்தவளைத் தூக்கப் போனவளும் விழுந்து இருவரும் இறந்த பிறகு தோட்ட நிர்வாகியான துரை எழுதிய விதி அது. அதைக் குறைகூற ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆயினும் அன்று சவுக்கு மரத்துக் கூடு கலைந்தபோது, தெருவுக்கு ஓடும் வழியில் மற்றவர்கள் விஜேகோன் வீட்டுக் காற்றுக்குள் ஒதுங்க, தெருவுக்கு வந்து சேர்ந்த சண்முகவடிவு, வீரம்மாவைக் காணவில்லை என்றதும் மறுபேச்சில்லாமல் மேலே ஏறினாள். வீரம்மா கானுக்குள், மழைநீர் ஓட வெட்டிய பள்ளத்தில், கால் பிசகிக் கிடந்தாள். அவளை இழுத்துக்கொண்டு சண்முகவடிவு காற்றுக்குள் வந்து விழுந்தாள், இருவரும் பிழைத்தார்கள். ஆனால் சண்முகவடிவு போவதைக் கண்டு பின்னால் போன அழகன் கங்காணிக்கு முகமும் கழுத்தும் வீங்கி மூச்சடைத்து, வைத்தியசாலையில் ஒரு வாரம் உயிர் போய்ப்போய் வந்தது. விதியை மீறியதற்காகத் துரை சண்முகவடிவின் வேலையை நிறுத்தி விசாரணை வைத்தார். வேலை போனால் லயத்து அறையும் போய்விடும். அது அவள் பெயரில் இருந்த அறை.

தொழிற்சங்கத் தலைவர் ஆண்டியப்பன் ஒரு யோசனை சொன்னார். தாக்குதலுக்குள் அகப்பட்ட கூட்டாளியைத் தூக்கப் போவது சரியா தப்பா என்று கேட்க, சண்டைக்குள் பறந்தவர்கள் இருவர் தோட்டத்திலேயே இருக்கிறார்களே என்றார். துரை இளைஞர், அந்த யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. இருவரும் ஒரே கருத்தை ஒரே காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் அதன்படி தீர்ப்பதாகவும், கருத்து வேறுபட்டால் விதி விதியாகவே நிற்கும் என்றும் அவர் அறிவித்தார்.

அந்த இருவரில் மற்றவர் லக்ஸ்மன். அவருடைய தகப்பனார் தம்பிஐயா யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்குப் படிப்பிக்க வந்து அங்கேயே தங்கியவர். வாக்கியம் பிழைத்தால் சோறு இறங்காத மனிதர். மகன் விமானப்படைக்குப் போனார். இலக்கணமும் உடன் போயிற்று. ஓய்வுபெற்றதும் கல்லுப்பாலத் தோட்டத்தின் பழைய உத்தியோகத்தர் வீடொன்றை வாங்கினார். பக்கத்துச் சரிவில் இன்னொரு வீடு விலைக்கு வந்தபோது, நல்ல குளிர், நல்ல தண்ணீர் என்று விஜேகோனுக்கு எழுதி வரவழைத்தவரும் அவரே. அந்தக் கடிதத்தை எழுதியதற்காக அவர் பிற்பாடு பட்ட மனஸ்தாபத்துக்கு அளவில்லை.

இருவரும் ஆபிரிக்க நாடொன்றில் அமைதிப்படையோடு இருந்த காலத்தில் நடந்தது இது. வறண்ட ஆற்றுப்படுகையில் அவர்களுடைய அணியைச் சேர்ந்த ஹெலிகொப்டர் ஒன்று விழுந்துகிடந்தது. இரு கரையிலிருந்தும் சுட்டார்கள். தனித்தனி ஹெலிகொப்டரில் மேலே வட்டமிட்ட இருவருக்கும், இறங்காமல் திரும்புங்கள், தரைவழியாக ஆள் வருகிறது என்று ரேடியோவில் கட்டளை வந்தது. லக்ஸ்மனுக்கு அது கேட்கவில்லையாம்; இறங்கி மூவரைத் தூக்கிவந்தார். விஜேகோனுக்குத் தெளிவாகக் கேட்டது. எரிபொருள் தீரும்வரை மேலே சுற்றிவிட்டுத் திரும்பினார். ஒருவருக்குப் பதக்கம் கிடைத்தது. மற்றவரை எவரும் ஒரு சொல் குறைகூறவில்லை. இருவரும் நண்பர்களாகவே ஓய்வுபெற்றார்கள். பிறகு, விஜேகோன் குடிவந்த ஏழாம் நாள், காற்று இறங்கத் தொடங்கியது.

காரணத்தை லயத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். லக்ஸ்மன் ஐயா தம் காற்றை அந்த ஊரிலேயே இறக்கிச் செலவழித்துவிட்டார். விஜேகோன் மாத்தயா, சிங்கள ஐயா, இறக்கவில்லை. இறக்காதது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. எளிய கணக்கு, அதில் லக்ஸ்மனால் ஒரு பிழையும் காண முடியவில்லை, அதுவே அவரைத் தின்றது. துப்பாக்கிச் சூட்டுக்குள் இறங்கியவர் தாம். ஆனால் குழந்தைக்குச் சளி என்றால் தாய்மார் தூக்கிக்கொண்டு போவது மாத்தயா வீட்டுக் காற்றுக்கு. பத்திரிகைக்காரர் படம்பிடிக்க வந்ததும் அங்கே. லக்ஸ்மன் காற்றின் திசை காட்டும் துணிப்பை ஒன்றைக் கொழும்பிலிருந்து தருவித்து முற்றத்தில் நட்டார். அது செத்த கோழியைப்போலத் தொங்கியது. இரண்டு கொய்யா மரங்களை வெட்டி, ஹெலிகொப்டர் இறங்குதளத்தில் வரைவதுபோல வெள்ளைச் சுண்ணாம்பில் வட்டமிட்டார். அவர் மனைவி சிவனேஸ்வரி அதில் மிளகாய் காயப்போட்டார். ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு லக்ஸ்மன் விஜேகோன் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனார். அவர் படலையைத் திறந்ததும் காற்று நின்றது, வீடு திரும்பியதும் தொடங்கியது. ஓராண்டுக்குப் பின் போவதை விட்டுவிட்டார்.

இந்த நிலையில்தான் துரையின் காகிதம் வந்தது. முதலில் எழுதியவர் விஜேகோன்: அந்தப் பெண் போனது சரி, விழுந்தவரிடம் யாராவது ஒருவர் போயே ஆக வேண்டும் என்பதே விதியாக இருக்க வேண்டும், ஏனெனில் போகாதவரால் அதன் பிறகு வேறெங்கும் போக முடிவதில்லை. லக்ஸ்மன் அதைப் படித்தார். அவருடைய சொந்தக் கருத்தும் ஏறத்தாழ அதுவே. விஜேகோனின் கையெழுத்தில் கண்ட கணமே அது பிழையாகத் தெரிந்தது. இறங்காத மனிதருக்கு இறங்கு என்று சொல்ல என்ன உரிமை? அவர் வேறொரு காகிதத்தில் அழகான தமிழில் எழுதினார்: ஓர் இயந்திரம் விழுந்த இடத்தில் இரண்டாவதை விழவைப்பது மீட்பாகாது, மீட்கப் போகிறவரின் துணிவைவிட அவர் தம் பின்னே இழுத்துச் செல்லும் ஆட்களின் உயிரே கணக்கில் முதலாவது, ஆகவே விதி சரி, பெண் செய்தது பிழை. வாதத்தில் ஓட்டை இல்லை. அழகனின் வீங்கிய கழுத்தே சாட்சியாக இருந்தது.

சிவனேஸ்வரி அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். “நீங்களும் கட்டளையை மீறித்தானே இறங்கினனீங்கள். உங்களுக்கெண்டால் பதக்கம், அவளுக்கெண்டால் வேலை நிப்பாட்டோ?” என்று கேட்டார். தமக்குக் கட்டளை கேட்கவில்லை என்றார் லக்ஸ்மன். “ஓம், ஓம். எனக்கும் சில நேரம் காது கேக்கிறேல்லை,” என்று சொல்லிவிட்டு அவர் அடுப்படிக்குப் போனார்.

ஆறு வாரம் காகிதம் மேசையில் கிடந்தது. ஏழாவது வாரம் சண்முகவடிவு தானே வந்தாள். முற்றத்து வெள்ளை வட்டத்தைச் சுற்றி வராமல் நேரே அதன் நடுவில் வந்து நின்றாள். அவள் அதைக் கவனித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

“ஐயா இன்னும் கையெழுத்து வைக்கலன்னு தலைவர் சொன்னாரு.”

லக்ஸ்மன் பொறுமையாக விளக்கினார். “பிள்ளை, ஒருத்தர் விழுந்தால் நட்டம் ஒண்டு. தூக்கப் போனவரும் விழுந்தால் ரெண்டு. அழகனை யோசிச்சுப் பாரும்.”

“அழகண்ணன நான் கூப்புடலங்க. வராதன்னுதான் கத்துனேன். அவரு என்னைக்கு ஒரு சொல் கேட்டிருக்காரு?”

“விதி தெரியாதோ உமக்கு?”

“தெரியுங்க. மறுநா காலையில பெரட்டுல வீரம்மான்னு கூப்புடுவாங்களே. பக்கத்து நெரக்காரி நாந்தான் பதில் சொல்லணும். என்னான்னுங்க சொல்றது? கான்ல கெடக்கா, விதிப்படி விட்டுட்டு வந்துட்டேன்னா?”

காலையில் ஆட்கள் கூடிப் பெயர் கூப்பிடும் களத்துக்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். படையினரின் ‘பரேட்’ என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்று லக்ஸ்மன் ஒருமுறை, மலை வேலையைக் கண்காணிக்கும் கண்டாக்கு ஐயாவுக்கு எடுத்துச் சொல்லித் திருத்தியிருந்தார். அவரும் நன்றி கூறிவிட்டுப் பெரட்டு என்றே தொடர்ந்தார். அந்தப் பெரட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூப்பிட்ட பெயருக்கு ஆள் இல்லையென்றால், அவளுக்கு அடுத்த நிரையில் கொழுந்தெடுப்பவள் ஓரடி முன்னே வந்து காரணம் சொல்ல வேண்டும்: காய்ச்சல், பிரசவம், ஊருக்குப் போயிருக்கிறாள். பதில் வரும்வரை அடுத்த பெயரைக் கூப்பிட மாட்டார்கள். லக்ஸ்மன் இதை அறிவார். வருடக்கணக்காகக் காலை நடையில் கேட்டிருக்கிறார். ஆற்றுப்படுகையில் இறங்கியதற்கு மறுநாள் காலை தம் அணியிலும் பெயர் கூப்பிட்டதும், மூன்று பெயருக்கும் கட்டிலில் கிடந்தவாறே மூன்று குரல்கள் பதில் சொன்னதும், விஜேகோன் தம் பூட்ஸைப் பார்த்தபடி நின்றதும் அவருக்கு நினைவில் இருந்தன. 

“லயத்துல ஒண்ணு பேசிக்கிறாங்க,” என்றாள் சண்முகவடிவு. “சொன்னா ஐயா கோவிச்சுக்கக் கூடாது.”

“என்ன கதைக்கினம்?”

“மாத்தயா வீட்டுக் காத்து இங்கன வரலன்னு ஐயாவுக்குப் பொறாமையாம். அதான் அவரு ஒண்ணு சொன்னா நீங்க ஒண்ணு சொல்றீங்களாம்.” அவள் சிரிக்கவில்லை. “காத்து வேணும்னா அவருகிட்டயே கேட்டு வாங்கிக்கங்க. அதுக்கு ஏங்க என் வேலையப் புடிச்சு வச்சிருக்கீங்க?”

அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. தம் பொறாமை ஒரு தனிப்பட்ட துயரம் என்று லக்ஸ்மன் நம்பியிருந்தார்; அது தோட்டம் முழுவதற்கும் பொதுச்செய்தி என்பதை அப்போதுதான் அறிந்தார். அவள் போய்விட்டாள். அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, மூன்று வருடம் நடக்காத பாதையில் நடந்து விஜேகோன் வீட்டுக்குப் போனார். படலையைத் திறந்ததும் வழக்கப்படி காற்று நின்றது. தேநீர் வருமுன்னரே, அந்தக் காற்றைத் தமக்குத் தர முடியுமா என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டாரை இரவல் கேட்பவரின் குரலில் கேட்டார்.

விஜேகோன் சிரிக்கவில்லை. இப்போதே எடுத்துக்கொள் மச்சான் என்றார். தருவதற்கு ஏற்கெனவே முயன்றிருந்தாராம். கொழும்பில் மகள் வீட்டில் போய் ஒரு மாதம் இருந்து பார்த்தார். காற்று அங்கும் வந்து, மகளின் பூச்சாடிகளை நாலாம் மாடியிலிருந்து கீழே தள்ளியது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் முற்றத்துக்கு ஓடி அண்ணாந்து பார்ப்பாராம்; யாரோ தம்மைத் தூக்க வருவதுபோல இருக்குமாம்; ஒன்றும் இராது. அப்போதெல்லாம் பக்கத்துச் சரிவைப் பார்ப்பார். அங்கே லக்ஸ்மனின் கூரைக்கு மேல் ஒன்றுமே இல்லாத வானம் நிற்கும். அந்த வெறும் வானத்தின்மீது நாலு வருடமாகத் தமக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா என்று கேட்டார். நான் வரும்போது காற்று ஏன் நிற்கிறது என்று வினவினார் லக்ஸ்மன். நீ வந்தால் எனக்கும் வேளை கிடைக்கிறது, மச்சான், நிம்மதியாக ஒரு தேநீர் குடிக்க. நீதான் வருவதை நிறுத்திவிட்டாய் என்றார் விஜேகோன்.

தம்மீது ஒருவர் பொறாமைப்படுகிறார் என்ற செய்தி, பதக்கம் தராத ஓர் ஆறுதலை லக்ஸ்மனுக்குத் தந்தது. அதை மறைப்பதற்காகத் தேநீரை மெதுவாகக் குடித்தார். பிறகு காகிதத்தை எடுத்தார்கள். விஜேகோன் ‘போக வேண்டும்’ என்றே எழுத விரும்பினார். ‘வேண்டும்’ என்றால் அது கட்டளையாகிவிடும், போக முடியாமல் நின்றவரைத் தண்டிக்கும் சொல் அது என்று லக்ஸ்மன் மறுத்தார். இதைச் சொல்லும்போது நண்பரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ‘போகலாம்’ என்றால் அனுமதி. சண்முகவடிவு எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. மூன்று தேநீருக்குப் பின் வாக்கியம் அமைந்தது: தாக்குதலில் அகப்பட்டவரிடம் போகும்படி எவரையும் பணித்தலும் ஆகாது, போனவரைத் தண்டித்தலும் ஆகாது. விஜேகோன் கையெழுத்திட்டார். அவருக்குக் கீழே இட வேண்டியிருந்ததைப் பொறுத்துக்கொண்டு லக்ஸ்மனும் கையெழுத்திட்டார். அவர் படலையைச் சாத்திவிட்டுச் சிறிது தூரம் நடந்ததும் பின்னால் காற்று இறங்கும் ஓசை கேட்டது. பொறாமை அப்படியே இருந்தது. சற்று இளகியிருந்தது, அவ்வளவுதான்.

மே மாதத்து மழைத்தூறலில், காலை ஆறரை மணிக்கு, துரை பெரட்டுக்கு வந்து தம் தீர்மானத்தைத் தாமே வாசித்தார். விமானிகள் இருவரின் வாக்கியமும் எழுத்துப் பிசகாமல் அதில் இருந்தது. சண்முகவடிவு அன்றே வேலைக்குத் திரும்பலாம், அறை அவளுடையது என்று அடுத்த பந்தி கூறியது. இறுதிப் பந்தி புதிய விதி: குளவி கிளம்பினால் தொழிலாளர் விஜேகோன் வீட்டுக் காற்றின்கீழ் கூட வேண்டும், அவ்வேளை காற்று இறங்காதிருப்பின் தெருவுக்கு ஓட வேண்டும். காற்று என்று மட்டும் எழுதினால் போதுமே, ஆளின் பெயர் எதற்கு என்று லக்ஸ்மன் முதல்நாளே துரையிடம் கேட்டிருந்தார். தோட்டத்தில் மேலிருந்து இறங்குவது அது ஒன்றுதான், குழப்பம் வரக் கூடாது என்று துரை கூறிவிட்டார். பெயர் வாசிக்கப்பட்டபோது லக்ஸ்மன் குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார். அந்த இடத்தைக் காட்டப் பலகை ஒன்று நட வேண்டுமா என்று கண்டாக்கு கேட்டார். பலகை நிற்காது, பறந்துவிடும் என்றார் ஆண்டியப்பன். வேறு கேள்வி எழவில்லை. துரை கண்டாக்கின் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டு, முன்வரிசையில் நின்ற சண்முகவடிவிடம் கொடுத்தார்.