சத்தம் நின்ற பிரேக்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரு விரலை மட்டும்தான். ஒரு சைக்கிள் கடை வாசலில் ஒரு பெரியவர் நின்றுகொண்டு, ஆள்காட்டி விரலைத் தன் சட்டையின் பின்பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற கை ஒரு பக்கம், பார்க்கிற கண் ஒரு பக்கம். கண் தெருக்கோடியில் இருந்தது. நான் பஸ்ஸில் இருந்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

மீதியெல்லாம் நான் கட்டியது. எதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நம்பமாட்டேன்.

2

ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்.

பொன்வெயில் தெருவெங்கும் இறைந்து கிடந்த ஒரு காலையில், வாழ்க்கையின் புதிய

(வேண்டாம். சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு வெயில் பொன்னாகத் தெரியாது. வேர்க்கும்.)

சைக்கிள் என்பது இரண்டு சக்கரங்களில் உருளும் சுதந்திரத்தின்

(இதை எழுதுகிறவன் எதிர்க்காற்றில் மிதித்திருக்கமாட்டான். இதுவும் வேண்டாம்.)

நேராகவே வருகிறேன். அவர் ஒரு ஃபிட்டர். ஆலையில் மெஷின்களுக்கு நடுவே காலத்தை ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர். மனைவி தையல்காரி. உட்கார்ந்தே தைத்ததில் அவளுக்கு முழங்கால் இறுகிவிட்டது. டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார்: "எலும்பு பஞ்சா இருக்கும்மா. மிதிங்க, ஆனா விழுந்துடாதீங்க. விழுந்தா அப்புறம் படுக்கைதான்."

"விழாம இருக்கணும்னா ஏறாம இருக்கணும்," என்றார் ஃபிட்டர்.

டாக்டர் சிரித்தார். தையல்காரி சிரிக்கவில்லை. அவளுக்கு ஏரிக்கரை வரை போய்வர ஒரு சைக்கிள் வேண்டும். உடம்புக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டாள். தையல்கடை ஜன்னல் வழியாக அந்தக் கரையில் போகிறவர்களை அவள் பார்த்துக்கொண்டிருந்த பார்வை டாக்டருக்குத் தெரியாது. ஃபிட்டருக்குத் தெரியும். அதனால்தான் அவர் கூடவே கிளம்பினார்.

3

சைக்கிள் கடையை நடத்துவது ஒரு பெண். முழங்கை வரை கிரீஸ்.

"எந்த மாதிரி ரோட்டுலக்கா ஓட்டப் போறீங்க?"

"வீட்டுலேர்ந்து தார் ரோடு. அப்புறம் சரளை. அப்புறம் ஏரிக்கரை மண்ணு."

"அவசரமா போகணுமா, ஆசைக்குப் போகணுமா?"

தையல்காரி கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஆசைக்குத்தான்."

முதலில் வந்தது ஒல்லி டயர் வண்டி. வளைந்த கைப்பிடி. ஏறினால் முதுகு தானாகக் கவிழ்ந்தது.

"கீழ விழுந்த ஊசியைத் தேடுற மாதிரி இருக்கு," என்றார் ஃபிட்டர்.

தார் ரோட்டில் அது பறந்தது. சரளை தொடங்கும் இடத்தில் முன்சக்கரம் சறுக்க, அவள் காலை ஊன்றித் தப்பித்தாள். ஃபிட்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்தக் கனைப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்தது தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங். சரளையில் மெத்தை. தாரில் வந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"யாரோ பின்னாலேர்ந்து பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்குங்க."

"நான் பிடிக்கலை."

"நீங்க கையால பிடிக்க மாட்டீங்க."

கடைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்றாவதை உருட்டி வந்தாள். நேரான கைப்பிடி. டயர் ஒல்லியும் இல்லை, தடியும் இல்லை. "தாருக்கும் ஆகும், மண்ணுக்கும் ஆகும் அண்ணே."*

"ரெண்டுங்கெட்டான்," என்றார் ஃபிட்டர்.

"எனக்கு ரெண்டும் வேணும்," என்றாள் தையல்காரி. "அதையும் ஓட்டிப் பாக்குறேன்."

உருட்டும்போதே அதன் சக்கரத்திலிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

"ஏன் கத்துது?"

"புதுசு அண்ணே. ஓட்ட ஓட்ட அடங்கிடும்."

(* அண்ணே என்று கூப்பிட்டுப் பொருள் விற்கிறவர்களை ஃபிட்டர் நம்புவதில்லை. இந்த விஷயத்தில் நான் அவர் கட்சி.)

4

இந்த இடத்தை என் மருமகனிடம் படித்துக் காட்டினேன். அடுத்து என்ன வருகிறது என்றும் சொன்னேன். அவன் மெத்தப் படித்தவன். "மாமா, இது ஒட்டாது. பிரேக்குல எண்ணெய் விடக்கூடாதுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு ஃபிட்டர் போய் விடுவாரா?"

குழந்தை விடாது. ஃபிட்டர்தான் விடுவார். அவருக்குத் தெரிந்த சைக்கிளில் பிரேக் என்பது சக்கரத்தின் விளிம்பைக் கவ்வும் ரப்பர் கட்டை. குனிந்து பார்த்தார், விளிம்பில் ரப்பரே இல்லை. பிரேக் வேறெங்கோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சக்கரத்தின் நடுவில் ஒரு மெல்லிய தகடு சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே, சொட்டு எண்ணெய் இல்லாமல், காய்ந்துபோய். இரும்போடு இரும்பு உரசிக் கத்துகிறது. ஆலையில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் எண்ணெய்க் கேனோடு ஓடுவதுதான் அவர் உத்தியோகம். ஓட்ட ஓட்ட அடங்கிவிடும் என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

கடைக்காரப் பெண் தலைக்கவசம் எடுக்க உள்ளே போனாள். தையல்காரி கண்ணாடி முன் நின்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள். சங்கிலிக்கு விடுகிற எண்ணெய்க் கேன் வாசல் பலகையிலேயே இருந்தது. முன்சக்கரத் தகட்டில் விட்டார். விரலால் சுற்றித் தடவினார். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். சத்தம் போய்விட்டது.

பின்சக்கரத்துக்கும் விட்டாரா?

(முதலில் விட்டதாக எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். பிறகு அடித்ததையும் அடித்தேன். இப்போது தாளைப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை.)

எண்ணெய் விட்டதை அவர் ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அந்த வண்டிக்கு அவர் உதவி செய்த மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்றவர் அவர்.

5

தையல்காரி கவசத்தை மாட்டிக்கொண்டாள்.

"சட்டியைக் கவுத்துக்கிட்டுப் போறியா?"

"ஆமா. சட்டிக்குள்ள இருந்தா உங்க பேச்சு பாதிதான் கேக்குது."

"இங்கயே ஒரு சுத்து சுத்திட்டு இறங்கிடு. சரளைப் பக்கம் வேண்டாம்."

"சரளையில ஓட்டத்தானே வாங்குறோம்?"

ஏறி உட்கார்ந்தாள். இந்த முறை முதுகு கவிழவில்லை, மூச்சும் வாங்கவில்லை. அவள் தோள் இரண்டும் இறங்கி நின்றதைப் பார்த்து, இதுதான் வண்டி என்று அவள் முடிவு செய்துவிட்டது அவருக்குத் தெரிந்தது. தெரு நீளத்துக்கும் தார். கோடியில் திரும்பினால் சரளைச் சரிவு. சரிவின் அடியில் லாரி ரோடு. அங்கே நின்று, பார்த்து, குறுக்கே கடந்தால்தான் ஏரிக்கரை.

வண்டி சத்தமே இல்லாமல் போனது. கடைக்காரப் பெண் கதவோரம் வந்து காது கொடுத்தாள்.

"அடங்கிடுச்சே. இவ்வளவு சீக்கிரம் அடங்காதே."

ஃபிட்டருக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. தன் வேலையை இவளுக்குக் காட்டிவிட வேண்டும். ஆனால் மெதுவாக.

"அந்த நடுத் தகடு எதுக்கு வச்சிருக்கான்?"

"அதான் பிரேக்கு. ரப்பரெல்லாம் இப்ப போயிடுச்சு அண்ணே. அந்தத் தகட்டுல நாங்க விரல்கூடப் பட விடமாட்டோம். பிசுக்கு பட்டா வழுக்கிக்கிட்டே போயிடும்."

இங்கேதான் அந்த விரல். இங்கேதான் அவர் அதைச் சட்டையின் பின்பக்கம் கொண்டுபோனார்.

6

அவருடைய வாயில் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கும். அவள் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டி அது புகைந்தபோது சொன்னார். தனியாகக் கடை போட்டு முதல் மழையிலேயே துணியெல்லாம் நனைந்தபோது சொன்னார். நான் அப்பவே சொன்னேன். அந்த வாக்கியம் இப்போதும் தானாகவே நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. அவள் இன்னும் விழவேயில்லை, அதற்குள் வந்துவிட்டது. அதை அவர் விழுங்கினார்.

"இறங்கு," என்று கத்தினார்.

தையல்காரி திரும்பவில்லை. ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். காலையிலிருந்து இந்த ஆள் இறங்கு, வேண்டாம் என்பதைத் தவிர வேறு என்ன சொன்னார்?

"போகாதே. நில்லு."

மறுபடியும் அந்தக் கை. இப்போது கொஞ்சம் குஷியாகவே ஆடியது.

கடைக்காரப் பெண் அவரைப் பார்த்தாள். பலகையில் இடம் மாறியிருந்த கேனைப் பார்த்தாள். செருப்பை உதறிவிட்டு ஓடத் தொடங்கினாள். சைக்கிளை ஓடிப் பிடிக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

7

முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் பின்பிரேக் பிடித்துவிடுகிறது, அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறாள். கிழித்துவிட்டேன். அந்த மனிதர் அவ்வளவு மலிவாகத் தப்பிக்கக் கூடாது. இன்னொன்றில் லாரி வருகிறது. எழுதுகிறவனுக்கு லாரி விடுவது சுலபம், டீசல்கூடப் போட வேண்டாம். அதையும் கிழித்தேன். மூன்றாவதில் சங்கிலி தானாகக் கழன்று, தெருக்கோடிக்கு முன்னாலேயே வண்டி நின்று

(இது அயோக்கியன் எழுதுகிற முடிவு.)

ஒன்றை மட்டும் நான் எழுதித் தருகிறேன். அதை நீங்கள் மாற்றக் கூடாது. ஃபிட்டர் நடுரோட்டுக்கு வந்தார். கடைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் தையல்காரி ஒரு தடவைகூடக் கேட்டிராததை அவர் அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

"நான் தப்பு பண்ணிட்டேன். பிரேக்குல எண்ணெய் விட்டது நான்தான். காலை ஊனு, பிரேக்கை நம்பாத. தப்பு பண்ணிட்டேன்மா."

ஆட்டிய கை அப்படியே நின்றது. கவசம் லேசாகத் திரும்பியது. வார்த்தை முழுசாக விழுந்ததா, பாதிதான் விழுந்ததா, விழுந்ததை அவள் நம்பினாளா, அவருடைய புது விதத் தடை என்று நினைத்தாளா, எனக்குத் தெரியாது. அவளுடைய இடது கால் மிதியிலிருந்து எழும்பியது. அவ்வளவுதான் நான் எழுதுவேன். தரையில் ஊன்றவா, இன்னொரு மிதி மிதிக்கவா என்பது உங்கள் பாடு. நீங்கள் அவளாக இருந்தால் அந்த மனிதர் சொல்வதை நம்புவீர்களா?

யோசியுங்கள். ஆனால் சீக்கிரம். முன்சக்கரம் சரளையைத் தொட்டுவிட்டது.