விமானத்தில் ‘ம்’ செல்லாது

என் வீட்டுக்காரருக்கு விமானம் ஓட்டத் தெரியும், வாயைத் திறக்கத் தெரியாது. கல்யாணமான புதிதிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். சாப்பிட வாங்க என்றால் ‘ம்’. இந்தத் துணி எனக்கு எடுப்பாக இருக்கிறதா என்றால் ‘ம்’. வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் கொஞ்சம் நீட்டி ஒரு ‘ம்ம்’ வரும், அவ்வளவுதான்.

நானோ பேச்சில் பிழைப்பவள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நாள் முழுக்க மைக்கில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே ஓர் ஊமைக்கோட்டான் உட்கார்ந்திருக்கும். அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். ‘ம்’ என்றார்.

ஆனால் ஒன்று, அந்த ‘ம்’ ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி. சட்டென்று முடிந்தால் சம்மதம். மூக்கால் வந்தால் பிடிக்கவில்லை. கடைசியில் லேசாகத் தூக்கினால், ‘நீ செய்வது தப்பு, ஆனால் எனக்கெதற்கு வம்பு’ என்று பொருள். அந்தக் கடைசி ரகம் காதில் விழுந்ததுமே நான் அடுப்பை அணைப்பேன், அல்லது பேச்சை மாற்றுவேன். இப்படியே எங்கள் குடும்பம் சண்டை சச்சரவில்லாமல் ஓடியது.

அவர் ஓட்டியது ஒரு சின்னக் கம்பெனியின் சின்ன விமானம். கம்பெனி படுத்துவிட்டது. அதற்குப் பிறகு வண்டி உதிரிபாகம் விற்கும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலை முடிந்து அந்தப் பக்கம் போனேன். மேலே ஒரு விமானம் போயிற்று. கையில் போல்ட்டோடு கடை வாசலுக்கு வந்து, கழுத்தை வளைத்து, அது கண்ணை விட்டு மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். வாடிக்கையாளர் உள்ளே கத்திக்கொண்டிருக்கிறார், இவருக்குக் காதில் விழவில்லை. கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டேன்.

அப்போதுதான் பெரிய சரக்கு விமானக் கம்பெனி ஒன்று துணை விமானிகள் வேண்டும் என்று கூப்பிட்டது. கண்டம் விட்டுக் கண்டம் பறக்கிற கம்பெனி. மருந்து, பூ, கைப்பேசி, சில சமயம் பந்தயக் குதிரை எல்லாம் ஏற்றிப் போவார்களாம். மனிதர் முகத்தில் அப்படி ஒரு களை. குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் காரணம் வெளியே வந்தது. பயணி இல்லாத விமானத்தில் பயணிகளுக்கு வணக்கம் சொல்ல வேண்டியதில்லை! பழைய வேலையில் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை சொல்வதற்குள் இவருக்கு முதுகெல்லாம் வேர்த்துவிடுமாம். பெட்டிகளிடம் யார் பேசப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

“ஆளே ஏறாத விமானமா? அப்ப லாரின்னு சொல்லுடா” என்றார் மாமியார்.

“லாரிதாம்மா. பறக்கும்” என்றார் இவர்.

மாமியாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மனிதர் சேர்ந்தாற்போல் பேசிவிட்டார்!

எழுத்துத் தேர்வில் தேறினார். உடல் பரிசோதனையில் தேறினார். கடைசியாக சிமுலேட்டர். ஓர் அறைக்குள் அசல் விமானி அறையையே கட்டி வைத்து, அதை ஆட்டியும் சாய்த்தும் பரீட்சை பார்ப்பார்களாம். அதில் கோட்டை விட்டார். வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“என்னங்க ஆச்சு?”

“ம்.”

இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத ‘ம்’ அது. பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிட்டேன். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கினேன்.

பரீட்சை வைத்தவர் நரைத்த கூந்தலோடு ஒரு பெண் கேப்டன். அவரே பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினாராம். இறங்கும் நேரத்தில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் ஓடுபாதையை நோக்கிப் போனாராம். அப்படிப் போனால் துணை விமானி உடனே ‘கோ அரவுண்ட்’ என்று சொல்ல வேண்டும். இறங்காதே, மேலே தூக்கு, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வா என்று அர்த்தம்.

“நீங்க அதைக் கவனிக்கலையா?”

“கவனிச்சேன்.”

“அப்புறம்? சொல்லலையா?”

“சொன்னேன்.”

“என்னன்னு சொன்னீங்க?”

தலையைக் குனிந்துகொண்டார். “ம்ம்னு.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. கடைசியில் லேசாகத் தூக்கிய ‘ம்ம்’! நானாக இருந்தால் அந்த நொடியே விமானத்தைத் திருப்பியிருப்பேன். அந்தப் புண்ணியவதிக்கு எப்படித் தெரியும்?

இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். அதையும் விட்டால் அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடாது. இவர் வயதுக்கு வேறு பெரிய கம்பெனி எதுவும் திரும்பிப் பார்க்காது. பிறகு ஆயுசுக்கும் போல்ட்டும் நட்டும்தான். மனிதருக்கு ஓட்டத் தெரியவில்லை என்றால்கூட மனசு ஆறும். வாயைத் திறக்காததால் போயிற்று என்றால் நான் விடுவேனா?

மறுநாளே வீட்டில் சட்டம் போட்டேன். “இனிமே இந்த வீட்டுல ‘ம்’ செல்லாது. நான் என்ன கேட்டாலும் கேட்டதைத் திருப்பிச் சொல்லிட்டு அப்புறம் பதில் சொல்லணும். விமானத்துல கீழேருந்து சொல்றதை அப்படித்தானே திருப்பிச் சொல்வீங்க?”

“ம்…” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்படித்தான்” என்றார்.

“டீ எப்படி இருக்கு?”

“டீ… தண்ணியா இருக்கு.”

“என்னது?”

“எப்பவுமே தண்ணியாத்தான் இருக்கும்.”

“இத்தனை வருஷமாவா?”

“இத்தனை வருஷமா.”

மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயைத் திற என்றால் எடுத்த எடுப்பில் என் டீயிலா கை வைப்பது? சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அடுத்த டீயில் தூளைக் கூட்டித்தான் போட்டேன்.

முன்னறைச் சுவரில் இவர் விமானி அறையின் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டினார். அதன் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இடது பக்கம் கேப்டன், அது நான். வலது பக்கம் அவர்.

“நான் எங்கடா உட்காரணும்?” என்று மாமியார் கேட்டார்.

“நீங்க சரக்கு, அத்தை. பின்னாடி அசையாம உட்காருங்க.”

அவர் எழுதிக் கொடுத்த எண்களை நான் மைக் குரலில் படிப்பேன். உயரம் இவ்வளவு, வேகம் இவ்வளவு. இடையில் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டிப் படிப்பேன். அவர் பாய்ந்து தடுக்க வேண்டும். மனிதர் கண்ணைப் பார்த்தாலே தெரியும், தப்பைப் பிடித்துவிட்டார். உதடு பிரியும். அதற்குள் நான் தரையைத் தொட்டிருப்பேன்.

“மோதியாச்சு. எல்லாரும் காலி.”

“நானும் போயிட்டேனா?” என்பார் மாமியார் பின்னாலிருந்து.

“மொதல்ல நீங்கதான், அத்தை.”

திரும்பத் திரும்ப இதே கதை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிவிட்டார். ஆனால் கேட்காமல் குறுக்கே விழுந்து தடுக்க வரவில்லை. ஒருநாள் பொறுமை போய்க் காகிதத்தைத் தூக்கி எறிந்தேன்.

“அப்படி என்னதாங்க தடுக்குது உங்களை? கண்ணுக்கு முன்னால தப்பு நடக்குது. ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடும்?”

அவர் குனிந்து காகிதத்தைப் பொறுக்கி, தொடையில் வைத்து நீவினார். ரொம்ப நேரம் நீவினார்.

“தப்புன்னு சொன்னதும் எதிர்ல இருக்கிறவங்க முகம் சட்டுன்னு சுருங்கும். அதை என்னால பாக்க முடியல. டீ தண்ணியா இருக்குன்னு சொன்னப்ப உன் முகம் சுருங்குச்சு. எனக்கு அன்னிக்குத் தூக்கமே இல்ல.”

கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இந்த மனிதர் இத்தனை வருடமாகத் தண்ணியாக இருந்த டீயைக் குடித்தது என் முகத்துக்காகவா? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமியார் எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விட்டார். சரக்கு தானாகவே இறங்கிக்கொண்டது.

“இங்க பாருங்க. முகம் சுருங்கினா அரை நாள்ல சரியாயிடும். நான் சரியாகலையா? விமானம் சுருங்கினா யாரு நீவி விடுறது?”

சிரித்துவிட்டார். “முகம் சுருங்கினா சரியாயிடும்” என்று திருப்பிச் சொன்னார்.

பரீட்சைக்கு நானும் கூடப் போனேன். பயிற்சி மையத்தில் வெளியாட்களை உட்கார வைக்கும் அறை ஒன்று இருந்தது. கண்ணாடிச் சுவர், காபி இயந்திரம், பழைய விமானப் பத்திரிகைகள். ஒரு பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்பதே எனக்கு வெகுநேரம் தெரியவில்லை. நாள் முழுக்க ஊருக்கே வழி சொல்கிறவளுக்கு அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கதவு திறந்தது. முன்னால் நரைத்த கூந்தல் கேப்டன். பின்னால் இவர், சட்டை முழுக்க வியர்வை. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நீங்கதான் இவர் மனைவியா?” என்றார் கேப்டன். “வீட்டுல இவருக்குப் பயிற்சி கொடுத்தது யாரு?”

எனக்கு உயிரே போயிற்று. “நான்தாங்க மேடம்.”

“இன்னிக்கும் வேகமா இறக்கினேன். ‘ஸ்பீட்’னார். தெரியும்னேன். ‘கோ அரவுண்ட்’னார். சும்மா இருங்கன்னு ஒரு அதட்டு அதட்டினேன். ரெண்டு தடவை சொல்லியும் நான் கேக்கலைன்னா ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’னு சொல்லி இவர் ஓட்டணும். அதுதான் முறை. இவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘விடு, நான் பாத்துக்கறேன்!’”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அது என் வசனம், ‘விடுங்க’வில் ‘ங்க’ மட்டும் உதிர்ந்திருந்தது. பால் பொங்கும்போதும், குழாய் ஒழுகும்போதும் அவரை ஒதுக்கிவிட்டு நான் சொல்வது.

“அதுவும் ஒருமையில. எனக்கு இத்தனை வருஷ சர்வீஸ்ல யாரும் அப்படிச் சொன்னதில்ல” என்றார் கேப்டன். “நான் அப்படியே கையை எடுத்துட்டேன். அழகா மேல தூக்கினார். தூக்கி முடிச்சுட்டு, ‘மன்னிச்சுக்குங்க மேடம்’ங்கிறார்.”

“அப்ப… பாஸாங்க மேடம்?”

“பாஸ்தான். வார்த்தையை மட்டும் மாத்திக்கச் சொல்லுங்க.”

அந்த அறையிலேயே, எல்லோருக்கும் முன்னால், நான் அவர் ஈரச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். “சாதிச்சுட்டேன்” என்றார் என் தலைக்கு மேல். சத்தமாகவே சொன்னார்.

வேலை வெளியூரில். முதலில் சில மாதம் பயிற்சி, அதற்கப்புறம் வாரக்கணக்கில் பறந்துவிட்டு விடுமுறைக்கு மட்டும் வீடு. இதெல்லாம் முன்பே தெரிந்ததுதான். தெரிந்திருந்தும், கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டியைத் திறந்து வைத்ததும் என் வாய் நிற்கவே இல்லை.

“எனக்கென்ன கஷ்டம்? அத்தை இருக்காங்க, வேலை இருக்கு. கட்டில் முழுக்க எனக்குத்தான், நல்லாக் காலை நீட்டிப் படுப்பேன். நீங்க வீட்டுல இருந்தாலும் இல்லாட்டியும் எனக்கு ஒண்ணுதான். இருந்தா மட்டும் என்ன, பேசியா தள்ளினீங்க? நான் ஜம்முன்னு இருப்பேன், நீங்க கவலைப்படாமப் போங்க.” மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தேன். அதையே திரும்பவும் பிரித்தேன்.

அவர் தரையில் உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தினார்.

“தப்பு.”

“என்ன தப்பு? சட்டையா?”

“நீ சொல்றது தப்பு. நீ ஜம்முன்னு இருக்க மாட்ட. நானும் இருக்க மாட்டேன்.” அவர் நிறுத்தவில்லை. என் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே பேசினார். “போக வேண்டாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லு. கேட்டுக்கறேன். ஆனா நிஜத்தைச் சொல்லு.”

சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. மைக்கில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இந்தச் சின்ன வாக்கியம் மட்டும் வர மறுத்தது.

“போக வேண்டாம்னு இருக்கு” என்றேன். “போகாம அந்தக் கடையில நின்னு நீங்க மேல பாக்கிறதைப் பாக்கவும் முடியாது. ரெண்டும் நிஜம். நான் என்ன பண்ணட்டும்?”

அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். மடியிலிருந்த சட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். ஒரு வார்த்தை விட்டுப்போகக் கூடாதென்று, நிதானமாக, தெளிவாகச் சொன்னார்.

“போக வேண்டாம்னு உனக்கு இருக்கு. நான் அந்தக் கடையில நிக்கிறதையும் உன்னால பாக்க முடியாது. ரெண்டும் நிஜம். சரியாக் கேட்டேனா?”

“சரியாக் கேட்டீங்க” என்றேன்.