சிரிப்பு வரும் தேதி

எங்கள் ஊரில் ஒரு நகைச்சுவைக்குச் சிரிப்பு வர சரியாகப் பதினோரு வருடம் ஆகும். நிமிடம்கூடத் தவறாது. நான் தொலைக்காட்சிக்கு நகைச்சுவைத் தொடர்கள் எழுதித் தயாரிப்பவன். எந்தக் காட்சி என்றைக்கு, எத்தனை மணிக்கு ஒளிபரப்பானது என்று பதிவேடு வைத்திருப்பதும் என் வேலைதான். கல்யாண மண்டபத்துக்காரர்களும் சலூன்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தாலி கட்டும்போது சபை சிரித்துவிடக் கூடாது. கத்தி தாடையில் இருக்கும்போது ஆள் குலுங்கிவிடக் கூடாது.

என்னால் இதுவரை ஒரு முகூர்த்தமும் தள்ளிப்போனதில்லை. தேதி வந்துபோன நூற்று எண்பது பகுதிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது ஒன்றுதான்: தபால் நிலைய வரிசையில் ஒருவர் லேசாகச் செருமினார். கேட்டதற்குத் தூசி என்றார்.

காத்திருந்த காலத்தில் நான் சும்மா இருக்கவில்லை. தேனீ வளர்த்தேன், அவை பக்கத்துக் கல்லூரிக்குக் குடிபோய்விட்டன. தபாலில் ஓமியோபதி படித்தேன். தையல் இயந்திரம் பழுது பார்த்தேன். எல்லாவற்றையும் பாதியில் விட்டேன். கிளாரினெட்டை மட்டும், அக்கம்பக்கத்தார் கேட்டுக்கொண்டதால், பாதிக்கு முன்பே.

என் மனைவி தமயந்தி முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு பகுதி. வாரம் ஒரு தொழிலைத் தொடங்கிக் கெடுக்கிற ஒருவனின் கதை; முழுக்கக் கற்பனை. வெங்காயம் உரித்தபடி பார்த்தாள். முடிவில் ஏதோ சொன்னாள். அதைப் பார்வையாளர் கருத்து என்று குறித்துக்கொண்டேன்.

அந்தப் பகுதியின் கடைசிக் காட்சிக்குச் சிரிப்பு வர வேண்டியது இந்த வியாழன் மாலை ஏழு நாற்பத்திரண்டுக்கு. அவள் சிரிக்காவிட்டால் எழுதுவதை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பாதியில் விடாமல் நான் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

ஏழு நாற்பதுக்குச் சமையலறையில் முக்காலி போட்டு, பதிவேடும் பேனாவுமாக அவள் எதிரில் உட்கார்ந்தேன். தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு ஆயிற்று. அவள் உப்பு போட்டாள். நாற்பத்து மூன்றும் ஆயிற்று. பேனாவை மூடினேன்.

நாற்பத்து நான்குக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு முக்காலி. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே ஏழு நாற்பத்து நான்குக்கு அவள் திரையைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "பாவம், இவனுக்குக் கழுத்தை நீட்டினவ எவளோ."

நான் சிரித்து முடிக்கும்வரை தமயந்தி அடுப்பைத் தணித்து வைத்துக் காத்திருந்தாள்.

"வந்துருச்சா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினேன். அவள் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்தாள். என்னுடையதைவிட இரண்டு மடங்கு தடிமன். நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் புரட்டினாள்.

"நான் சொன்னதுல இது முதலாவதுங்க. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பதே காலுக்கு. அதுக்குள்ள ஷேவ் பண்ணி முடிச்சிடுங்க."

நான் பேனாவைத் திறந்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.